“கனெக்ட் ஆயிடுச்சு சார், ஆனா ஒண்ணும் வரல”: விபிஎன் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது

மாதா மாதம் 20-ஆம் தேதி காலையில் என் போன் சும்மா இருக்காது. ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைப் போடக் கடைசி நாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் எங்கள் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள். மடிப்பாக்கம், கொளத்தூர், தாம்பரம் என்று ஆளுக்கொரு மூலை. டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடுவது அலுவலகச் சர்வரில். நடுவில் விபிஎன், அதாவது வீட்டு லேப்டாப்பை இணையம் வழியே அலுவலக வலையோடு சேர்க்கும் பூட்டிய பாதை. அது மக்கர் பண்ணினால் எல்லோரிடமிருந்தும் வருவது ஒரே வாக்கியம்: “சார், விபிஎன் வேலை செய்யல.”

அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. திரையில் என்ன தெரிகிறது, எதுவரை வந்து எங்கே நின்றது என்று கேட்டு வாங்கினால்தான் கோளாறு பிடிபடும். அதனால் இந்தக் குறிப்பில் தலைப்புகளெல்லாம் போனில் ஆட்கள் சொல்லும் வார்த்தைகளாகவே இருக்கின்றன.

முதலில் இந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். அலுவலகச் சர்வரின் முகவரி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும். அந்த மாதிரி முகவரி எழுதிய கடிதத்தை இணையத்தில் யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே உங்கள் லேப்டாப் அந்தக் கடிதத்தை அப்படியே பூட்டி, மேலே இன்னொரு உறை போட்டு, அதில் அலுவலக ரவுட்டரின் பொது ஐபியை, அதாவது இணையத்தில் செல்லுபடியாகும் முகவரியை எழுதி அனுப்புகிறது. இந்த வழியைத்தான் சுரங்கம் என்பார்கள். அங்கே வெளி உறையைக் கிழித்து, பூட்டைத் திறந்து, உள்ளே இருப்பதை உரிய சர்வரிடம் கொடுக்கிறார்கள். எல்டூடிபி, ஐகேஇ-வி2, எஸ்எஸ்டிபி, ஓபன்விபிஎன், வயர்கார்டு என்று விபிஎன்னில் உள்ள வகைகள் எல்லாம் செய்வது இதைத்தான். உறையின் தாளும் பூட்டின் வகையும்தான் வேறு. கோளாறும் மூன்று இடத்தில்தான் வரும்: வெளி உறை போய்ச் சேராமல் இருக்கும், பூட்டு திறக்காமல் இருக்கும், இல்லையென்றால் உள் கடிதத்தின் முகவரியில் குழப்பம் இருக்கும்.

போனை எடுத்ததும் நான் கேட்பது இரண்டே கேள்வி. உங்களுக்கு மட்டுமா, எல்லோருக்குமா? வீட்டு வைஃபையை விட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பார்த்தீர்களா? பாதி வழக்கு இதிலேயே முடிந்துவிடும்.

“யாருக்குமே வரல சார்”

அப்படியென்றால் யாருடைய லேப்டாப்பையும் தொட வேண்டாம். கோளாறு அலுவலகப் பக்கம். லைன் இருக்கிறதா, விபிஎன் சர்வர் ஓடுகிறதா, சர்வரின் அடையாளச் சான்றிதழ் நேற்று நள்ளிரவோடு காலாவதியானதா என்று பாருங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எங்கள் வழக்கமான ஃபைபர் லைன் பல நாள் எழுந்திருக்கவில்லை. அவசரத்துக்கு வேறொரு கம்பெனியின் லைனைச் செருகினோம். அலுவலகத்துக்குள் இணையம் ஜோராக ஓடியது. வெளியிலிருந்து ஒருத்தராலும் உள்ளே வர முடியவில்லை. வெளியிலிருந்து எந்த வாசலில் (போர்ட்) வந்தால் உள்ளே யாரிடம் அனுப்புவது என்று ரவுட்டருக்குச் சொல்லும் போர்ட் ஃபார்வர்டிங்கை நான்கு முறை அழித்து எழுதிய பிறகுதான் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (இணையக் கம்பெனி ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி) என்ன என்று பார்த்தேன். 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகளை இணைய சேவைக் கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வதற்காக 2012-இல் ஒதுக்கினார்கள். சிஜிநேட் என்பார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் இருக்கும். வெளியிலிருந்து வரும் உறையை யார் வீட்டுக்குக் கொடுப்பது என்று அந்தக் கம்பெனியின் பெட்டிக்குத் தெரியாது. உங்கள் ரவுட்டரில் என்ன எழுதினாலும் உறை அதுவரை வந்தே சேராது.

தீர்வு இரண்டு. மாறாத பொது முகவரியான ஸ்டேடிக் ஐபியைக் காசு கொடுத்து வாங்கலாம். அல்லது பொது ஐபி உள்ள சின்ன கிளவுட் சர்வர் ஒன்றை எடுத்து, அலுவலகமும் வீடுகளும் அதை நோக்கி டயல் செய்யும்படி மாற்றலாம். இரண்டும் வேண்டாம், தூரத்திலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்வார். எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். அந்தப் போர்ட்டைத் தேடிக் கதவு தட்டும் நிரல்கள் நாள் முழுக்க இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

“கனெக்டிங்... கனெக்டிங்னு சுத்திக்கிட்டே இருக்கு”

வெளி உறை போய்ச் சேரவில்லை. ஹாட்ஸ்பாட்டில் வந்து வீட்டு வைஃபையில் வரவில்லை என்றால், வழியில் யாரோ அந்த வகை உறையைத் தடுக்கிறார்கள். எதைத் தடுக்கிறார்கள் என்று தெரிய, எது எந்த வாசல் வழியாகப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். யுடிபி, டிசிபி இரண்டும் தரவு அனுப்பும் முறைகள்: டிசிபி போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து, தொலைந்ததை மறுபடி அனுப்பும்; யுடிபி அனுப்பியதோடு சரி. பின்னால் வரும் எண் வாசலின் (போர்ட்) எண். எல்டூடிபி/ஐபிசெக்குக்கும் ஐகேஇ-வி2-வுக்கும் யுடிபி 500, 4500. ஓபன்விபிஎன்னுக்கு வழக்கமாக யுடிபி 1194. வயர்கார்டுக்கு வழக்கமாக யுடிபி 51820. எஸ்எஸ்டிபிக்கு டிசிபி 443. பிரவுசர் போகும் அதே வாசல் என்பதால் அதைத் தடுக்கிறவர்கள் குறைவு. ஓட்டல், ஆஸ்பத்திரி, கல்லூரி வைஃபையில் யுடிபியே அடைபட்டிருக்கும்போது எஸ்எஸ்டிபியோ 443-இல் ஓடும் ஓபன்விபிஎன்னோ கைகொடுக்கும்.

டெல்நெட் போட்டுப் பார்த்துவிட்டு “51820 திறக்கல சார்” என்று சொல்பவர்கள் உண்டு. டெல்நெட் தட்டுவது டிசிபி கதவை. வயர்கார்டு இருப்பது யுடிபியில். அதோடு, சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் வயர்கார்டு பதிலே சொல்லாது. அதன் வடிவமைப்பே அப்படி. போர்ட் ஸ்கேனருக்கு அங்கே வீடு இருப்பதே தெரியாது.

விண்டோஸ் பிழை எண் காட்டினால் நிம்மதி. எல்டூடிபியில் 809 என்றால் பெரும்பாலும் சர்வர் ஒரு ரவுட்டருக்குப் பின்னால், நேட்டுக்குள் (பல கணினிகள் ஒரே பொது ஐபியைப் பகிரும் ஏற்பாட்டுக்குள்) இருக்கிறது. விண்டோஸ் அந்த ஏற்பாட்டை இயல்பாக ஏற்காது. விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரிஜிஸ்ட்ரியில் பாலிசிஏஜென்ட் என்ற இடத்தில் அஸ்யூம்யுடிபிஎன்கேப்சுலேஷன்கான்டெக்ஸ்ட்ஆன்சென்ட்ரூல் என்று மூச்சு விடாமல் படிக்க வேண்டிய ஒரு பெயரில் மதிப்பு 2 போட்டு ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும். 789 என்றால் முன்பகிர்வுச் சாவியில் (இரு பக்கமும் முன்பே பகிர்ந்துகொண்ட ரகசியச் சொல்லில்) ஒரு எழுத்து தப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய சாவியை காப்பி செய்யும்போது கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வருவது வாடிக்கை. சாவி சரியாக இருந்தால், நேற்று ராத்திரி அப்டேட் ஆனதா என்று கேளுங்கள். 2022 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட் எல்டூடிபியை உடைத்தது. சில நாளில் மைக்ரோசாஃப்டே திருத்தமும் வெளியிட்டது.

“பாஸ்வேர்டு சரிதான், ஏத்துக்க மாட்டேங்குது”

691 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு, அல்லது கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது. இதில் ஆராய்ச்சி வேண்டாம்.

கடிகாரத்தை மட்டும் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். “சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை” என்று பிழை வரும். ஓடிபி செயலியும் 30 நொடிக்கு ஒரு எண் தருவது கடிகாரத்தை வைத்துத்தான். வயர்கார்டு இன்னும் கறார். இரு பக்கமும் அறிமுகமாகிக்கொள்ளும் ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் நேர முத்திரை இருக்கும். கடைசியாகப் பார்த்ததைவிடப் பழைய முத்திரையோடு வந்தால் சர்வர் சத்தமில்லாமல் குப்பையில் போட்டுவிடும். தேதி தவறுதலாக அடுத்த வருடத்துக்குப் போய், ஒரு முறை இணைந்து, பிறகு சரி செய்யப்பட்டால் நிலைமை விசித்திரம்: இப்போது தேதி சரி, ஆனால் சேராது. சர்வரில் அந்த ஆளின் பதிவை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தால் தீரும்.

“கனெக்ட் ஆயிடுச்சு, ஆனா ஒண்ணும் திறக்கல”

“கனெக்டட்” என்ற சொல்லை நான் நம்புவதை நிறுத்திப் பல வருடமாகிறது. வயர்கார்டில் ஆக்டிவேட் பொத்தானை அழுத்தியதும் பச்சை விளக்கு எரியும். அது லேப்டாப்புக்குள் ஒரு இடைமுகம் உருவானதைத்தான் சொல்கிறது. அலுவலகத்தோடு பேசியதா என்று பார்க்க அதே திரையின் கீழே போங்கள். கடைசி ஹேண்ட்ஷேக் நேரம் என்ற வரி இருக்கிறதா? பெற்ற தரவு எவ்வளவு? அனுப்பியது 12 கேபி, பெற்றது 0 என்றால் நீங்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மேலே சொன்ன “சுத்திக்கிட்டே இருக்கு” பகுதிக்குத் திரும்புங்கள். சாவி மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெற்றதும் ஏறுகிறது, இருந்தும் சர்வர் திறக்கவில்லை என்றால் உள் முகவரிக் குழப்பம். எனக்கு மறக்காத வழக்கு கொளத்தூரிலிருந்து வந்தது. கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன்.

“அண்ணா, சர்வர் பாஸ்வேர்டு கேக்குது. நீங்க குடுத்தத போட்டா தப்புன்னு வருது.”

“எந்தப் பக்கம்பா வருது? என்ன போட்டிருக்கு?”

“நீல கலர்ல... கேமரா படம் ஒண்ணு இருக்குண்ணா.”

எங்கள் சர்வரில் கேமரா ஏது? அவன் அப்பா வாசலில் மாட்டியிருந்த சிசிடிவியின் டிவிஆர் அது. அதன் ஐபி 192.168.1.10. எங்கள் அலுவலகச் சர்வரின் ஐபியும் 192.168.1.10. அலுவலகத்துக்கு முதல் ரவுட்டரை மாட்டியவர் பெட்டியிலிருந்து எடுத்தபடியே விட்டுப் போனார். அவன் வீட்டுக்கு மாட்டியவரும் அப்படியே. ஆட்டோவில் ஏறி “காந்தி தெரு” என்றால் டிரைவர் பக்கத்தில் இருக்கும் காந்தி தெருவுக்குத்தானே போவார்? லேப்டாப்பும் அதைத்தான் செய்தது. சொந்த வீட்டிலேயே 192.168.1 இருக்கும்போது சுரங்கம் எதற்கு?

கட்டளைத் திரையில் ஐபிகான்ஃபிக் அடித்து வைஃபையின் முகவரியையும் விபிஎன் வழியே போக வேண்டிய வலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால் இதுதான் நோய். அன்றைக்கு அவன் வீட்டு ரவுட்டரை 192.168.73-க்கு மாற்றி ஒப்பேற்றினோம். ஆனால் முப்பது வீட்டு ரவுட்டரை எவன் மாற்றுவது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அலுவலக வலையை 10.47.20-க்குக் குடியேற்றினோம். பிரிண்டர்கள் இரண்டு நாள் அழுதன. புதிதாக அலுவலகம் போடுகிறவர்கள் தொடக்கத்திலேயே 192.168.0, 192.168.1 இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

இதே அறிகுறிக்கு இன்னும் சில காரணங்கள். வயர்கார்டு சர்வரில் புதிதாக ஒருவரைச் சேர்த்ததும் பழையவருக்கு நின்றுபோனால், யாருக்கு எந்த முகவரி என்று சொல்லும் அலவ்டு ஐபி வரியை இருவருக்கும் பாருங்கள். ஆளுக்கு 10.8.0.5/32 என்பதுபோல ஒற்றை முகவரி இருக்க வேண்டும். இருவருக்கும் 10.8.0.0/24 என்று முழு வலையையும் எழுதியிருந்தால் கடைசியாக எழுதப்பட்டவருக்கே எல்லாம் போகும். “இருக்கிறாயா?” என்று கேட்கும் பிங் கட்டளைக்கு விபிஎன் பெட்டி பதில் சொல்கிறது, சர்வர் சொல்லவில்லை என்றால், சர்வருக்குத் திரும்பும் வழி தெரியவில்லை. அதன் கேட்வே (வெளியே போகும் வழி) வேறு ரவுட்டரைக் காட்டிக்கொண்டிருக்கும். வழியும் சரி என்றால் சர்வரின் விண்டோஸ் ஃபயர்வால். அதில் ஃபைல் ஷேரிங் விதிகள் பல “லோக்கல் சப்நெட்”டுக்கு மட்டுமே திறந்திருக்கும். விபிஎன்னில் வருகிறவர் 10.8-இல் இருந்து வருவதால் அதற்கு அந்நியர்.

“ஐபி போட்டா வருது, பேரு போட்டா வரல”

டிஎன்எஸ், அதாவது பெயரை ஐபியாக மாற்றிச் சொல்லும் சேவை. சுரங்கம் நன்றாகத்தான் இருக்கிறது. விலாசம் விசாரிக்க லேப்டாப் இன்னும் வீட்டு ரவுட்டரிடம் போகிறது. அதற்கு உங்கள் அலுவலகச் சர்வரின் பெயர் எப்படித் தெரியும்? என்எஸ்லுக்கப் என்ற கட்டளையை அடித்து, பதில் சொல்வது யார் என்று பாருங்கள். விபிஎன் அமைப்பில் டிஎன்எஸ் வரியில் அலுவலக டிஎன்எஸ் சர்வரின் ஐபியைக் கொடுங்கள். டொமைன் பின்னொட்டையும் சேருங்கள்.

என்எஸ்லுக்கப்பில் சரியாக வந்து பிரவுசரில் மட்டும் வரவில்லையா? பிரவுசர் செட்டிங்கில் “பாதுகாப்பான டிஎன்எஸ்” திறந்திருக்கும். அது லேப்டாப்பின் பேச்சைக் கேட்காமல் நேராக வெளியே போய் விசாரிக்கும். அணைத்துவிடுங்கள்.

“லாகின் பேஜ் வருது, அப்புறம் அப்படியே நிக்குது”

ஆட்களை அதிகம் சுற்ற விடும் கோளாறு இதுதான். பிங் போகிறது. பெயர் கண்டுபிடிக்கிறது. சின்னப் பக்கங்கள் திறக்கின்றன. ரிமோட் டெஸ்க்டாப் பாஸ்வேர்டு வாங்கிக்கொண்டு கறுப்புத் திரையில் நிற்கும். ஃபைல் காப்பி தொடங்கி அசையாது. எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிவதால் சர்வர்மீது பழி போடுவார்கள்.

காரணம் உறையின் அளவு. சப்வே வாசலில் உயரக் கம்பி மாட்டியிருப்பார்களே, பைக்கும் காரும் போய்விடும், சரக்கேற்றிய லாரி மட்டும் மாட்டிக்கொள்ளும். அதே கதை. சாதாரண ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் (ஒரு முறை அனுப்பும் தரவுத் துண்டு) 1500 பைட் வரை இருக்கலாம். சென்னையில் பல வீட்டு இணைப்புகள் ரவுட்டரில் பயனர் பெயர், பாஸ்வேர்டு போட்டு டயல் செய்யும் பிபிபிஓஇ வகை. அது 8 பைட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. அதற்குள் விபிஎன்னின் வெளி உறை. வயர்கார்டு பழைய முகவரி முறையான ஐபிவி4 மேல் 60 பைட், புதியதான ஐபிவி6 மேல் 80 பைட் எடுக்கும். உள்ளே வழக்கமாக 1420 வைப்பதால், ஐபிவி4-இல் மொத்தம் 1480, பிபிபிஓஇயில் தப்பித்துவிடும். ஐபிவி6-இல் மொத்தம் 1500, கம்பியில் இடிக்கும். அதனால்தான் “நேத்து வரைக்கும் ஓடுச்சே” என்கிற புலம்பல். கம்பெனிக்காரர் நேற்று ராத்திரி ஐபிவி6-ஐத் திறந்துவிட்டிருப்பார்.

பாக்கெட் பெரிது, சின்னதாக்கி அனுப்பு என்று வழியிலிருக்கும் ரவுட்டர் தகவல் சொல்ல வேண்டும். அந்தத் தகவல் ஐசிஎம்பி என்ற வகையில் வரும். “ஐசிஎம்பி ஆபத்து” என்று யாரோ எங்கோ படித்துவிட்டு ஃபயர்வாலில் மொத்தமாக அடைத்திருப்பார். லாரியை நிறுத்திவிட்டார்கள், ஓனருக்குச் சொல்ல ஆளில்லை.

சோதிப்பது எளிது. விபிஎன்னை அணைத்துவிட்டு, விண்டோஸின் பிங் கட்டளையில் “பிரிக்காதே” என்று சொல்லும் எஃப் குறியும் அளவுக்கான எல் குறியும் சேர்த்து, அளவு 1472 கொடுத்து 1.1.1.1-க்கு அனுப்புங்கள். 1472-ஓடு தலைப்பு 28 சேர்ந்தால் 1500. போகவில்லை என்றால் 1464. அது போனால் உங்கள் பாதை 1492, அதாவது பிபிபிஓஇ. அதுவும் போகவில்லையென்றால் பத்துப் பத்தாகக் குறையுங்கள். எந்த எண்ணில் பதில் வருகிறதோ அதோடு 28-ஐக் கூட்டுங்கள். அதிலிருந்து விபிஎன் உறையைக் கழித்தால் உள்ளே வைக்க வேண்டிய எம்டியு, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவு, கிடைக்கும்.

காலை 9 மணிக்கு வரிசையில் ஐந்து போன் காத்திருந்தால் நான் கணக்குப் போடுவதில்லை. வயர்கார்டு கான்ஃபிக்கில் எம்டியு 1280 என்று எழுதச் சொல்லிவிடுவேன். ஐபிவி6 குறைந்தபட்சமாகக் கேட்கும் அளவு அது என்பதால் மொபைல் ஹாட்ஸ்பாட் உட்பட அநேகமாக எங்கும் போய்விடும். அதற்குக் கீழே இறக்காதீர்கள், சுரங்கத்துக்குள் ஐபிவி6 ஓடாது. நிரந்தரத் தீர்வு அலுவலகப் பெட்டியில் எம்எஸ்எஸ் கிளாம்ப் போடுவது. டிசிபி உரையாடல் தொடங்கும்போதே இரு தரப்பிடமும் சின்ன மூட்டையாகக் கட்டச் சொல்லிவிடும்.

“நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவ கட் ஆவுது”

முதலில் கரண்டைப் பாருங்கள். இன்வெர்ட்டருக்கு மாறும் ஒரு கணத்தில் ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் ரீபூட் ஆகும், லேப்டாப்புக்குத் தெரியாது. ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் வாங்குவதுதான் தீர்வு.

பேசாமல் இருந்தால் மட்டும் கட் ஆகிறது, வேலை பார்த்துக்கொண்டிருந்தால் ஆவதில்லை என்றால், ரவுட்டரின் நேட் நினைவு. யுடிபி உரையாடலைச் சில ரவுட்டர்கள் 30 நொடி மௌனத்திலேயே மறந்துவிடும். வயர்கார்டில் கீப்அலைவ் 25 என்று வைத்தால் 25 நொடிக்கு ஒரு முறை “இருக்கேன்” என்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஒழுங்கே இல்லாமல் வந்து வந்து போனால் கேளுங்கள்: “அந்தக் கான்ஃபிக் ஃபைலை வேற எதுலயாவது போட்டிருக்கீங்களா?” கொஞ்சம் தயங்கி, “போன்லயும் போட்டேன் சார், அவசரத்துக்கு” என்பார்கள். ஒரே சாவி இரண்டு சாதனத்தில் இருந்தால், கடைசியாகப் பேசிய சாதனம் இருக்கும் இடத்துக்கே சர்வர் பதிலை அனுப்பும். லேப்டாப்பும் போனும் மாறி மாறிப் பிடுங்கிக்கொள்ளும். சாதனத்துக்கு ஒரு சாவி.

“அவர் கனெக்ட் பண்ணா எனக்குப் போயிடுது”

மடிப்பாக்கத்தில் கணவன் மனைவி இருவருமே எங்கள் அலுவலகம். ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியே. எல்டூடிபி/ஐபிசெக்கில் ஒரே பொது ஐபியிலிருந்து இரண்டு பேர் வந்தால் பல சர்வர்களால் பிரித்தறிய முடியாது. பிபிடிபியில் இன்னும் மோசம். அது பயன்படுத்தும் ஜிஆர்இ உறையில் போர்ட் எண்ணே கிடையாது. பிபிடிபியைச் சரி செய்யவே முயலாதீர்கள். அதன் பூட்டை உடைக்கும் வழி 2012-இல் வெளிப்படையாகக் காட்டப்பட்டுவிட்டது. 2016-இல் ஆப்பிள் தன் சாதனங்களிலிருந்தே எடுத்துவிட்டது. இந்தத் தம்பதியை வயர்கார்டுக்கு மாற்றினேன். ஐகேஇ-வி2-வும் சரிப்படும்.

“வருது, ஆனா ஆமை மாதிரி”

வீட்டில் 200 எம்பிபிஎஸ் வாங்கியிருக்கிறேனே என்பார்கள். நீங்கள் இறக்கும் ஃபைலை அலுவலகம் ஏற்ற வேண்டும். அலுவலகத்தின் அப்லோடு வேகம்தான் உங்கள் டவுன்லோடு வேகம். எல்லாப் போக்குவரத்தும் சுரங்கம் வழியே போகும்படி வைத்திருந்தால் வீட்டில் ஓடும் யூடியூபும் அம்பத்தூர் சுற்றித்தான் வரும். அலுவலக வலையை மட்டும் சுரங்கத்தில் விடுங்கள்.

ஓபன்விபிஎன் டிசிபியில் ஓடுகிறதா என்று பாருங்கள். உள்ளேயும் டிசிபி, வெளியேயும் டிசிபி என்றால், ஒரு பாக்கெட் தொலைந்ததும் இருவரும் தனித்தனியாக மறுபடி அனுப்பத் தொடங்கி, லைன் மோசமாக மோசமாக நெரிசல் கூடும். யுடிபி போகும் இடத்தில் யுடிபியே வையுங்கள்.

40 எம்பி எக்செல்லை நெட்வொர்க் டிரைவிலிருந்து நேராகத் திறக்கிறவர்களுக்கு எந்த நெறிமுறையும் உதவாது. ஃபைல் ஷேரிங் ஒவ்வொரு சின்னக் காரியத்துக்கும் கேட்டுக் கேட்டுப் பதில் வாங்கும். ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து அங்கேயே திறக்கச் சொல்லுங்கள்; டேலியும் அப்படியே. எங்கள் கணக்குப் பிரிவை அப்படி மாற்றிய மாதம், 20-ஆம் தேதி காலை 11 மணிக்குள் எனக்கு வந்த போன் மூன்று. அதில் ஒன்று கேப்ஸ் லாக்.